ஒரே நாடு கொடுத்த இரண்டு விலைகள்: பயங்கரவாதத்துக்குப் பலியானோரை உலகம் எப்படி எண்ணுகிறது?

1988 டிசம்பர் 21 அன்று லண்டனிலிருந்து நியூயார்க் நோக்கிப் பறந்த பான் ஆம் 103 விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் தரையில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, 1989 செப்டம்பர் 19 அன்று, காங்கோவின் பிராசவில்லில் புறப்பட்டு சாட் தலைநகர் இஞ்சமினா வழியாகப் பாரிஸ் சென்றுகொண்டிருந்த யூடிஏ 772 விமானம் நைஜர் நாட்டின் டெனெரே பாலைவனத்துக்கு மேலே அதேபோல வெடித்தது. அதில் இருந்த 170 பேரும் இறந்தார்கள். இரண்டுக்கும் காரணம் பெட்டிக்குள் மறைத்து ஏற்றப்பட்ட வெடிகுண்டு. இரண்டு வழக்குகளிலும் நீதிமன்றங்கள் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது லிபிய உளவுத்துறை ஆட்களை.

லாக்கர்பி குடும்பங்களுக்குத் தலைக்கு 1 கோடி டாலர் வரை, மொத்தம் 270 கோடி டாலர் தர 2003இல் லிபியா ஒப்புக்கொண்டது. யூடிஏ விமானத்தில் இறந்தவர்களுக்கு 2004 ஜனவரியில் அதே லிபியா ஒப்புக்கொண்ட தொகை தலைக்கு 10 லட்சம் டாலர். அதுவும் எளிதில் வந்துவிடவில்லை. 1999இல் பாரிஸ் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு லிபியா கட்டியது மொத்தமாகவே சுமார் 3.3 கோடி டாலர்தான். லாக்கர்பி தொகை வெளியே தெரிந்ததும் யூடிஏ குடும்பங்கள் கொதித்தன. லிபியா மீதான ஐ.நா. தடையை நீக்கும் வாக்கெடுப்பை, வீட்டோ அதிகாரத்தைக் காட்டி பிரான்ஸ் தள்ளிப்போட வைத்தது. அந்த நெருக்கடியில்தான் இரண்டாவது ஒப்பந்தம் பிறந்தது.

பத்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? லாக்கர்பி விமானத்தில் இறந்தவர்களில் 190 பேர் அமெரிக்கர்கள். அவர்களில் 35 பேர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத் திட்டத்தில் வெளிநாட்டில் படித்துவிட்டு கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள். ஒரே நாட்டில், ஒரே மொழி பேசும் குடும்பங்கள். பத்திரிகைகள் அவர்களை விடாமல் எழுதின. நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகள் என்று அமெரிக்கா பட்டியலிட்ட அரசுகள் மீது அமெரிக்கக் குடிமக்கள் வழக்குப் போடலாம் என்று 1996இல் சட்டமே மாறியது. இழப்பீட்டுத் தவணைகள்கூட அந்த அரசியல் பலத்தின் மேல்தான் கட்டப்பட்டன: ஐ.நா. தடை நீங்கினால் 40 லட்சம் டாலர், அமெரிக்கத் தடை நீங்கினால் இன்னொரு 40 லட்சம், பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால் 20 லட்சம். யூடிஏ விமானத்தில் இருந்தவர்களோ 18 நாட்டுக்காரர்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அடுத்தபடியாக காங்கோ, சாட் நாட்டவர்கள் அதிகம். அவர்களுடைய குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு பத்திரிகை இல்லை, முறையிட ஒரு நாடாளுமன்றம் இல்லை.

பலியானோர் மீது விழும் கவனத்தை நாம் பெரும்பாலும் ஒரு மனநிலையாகவே பேசுகிறோம்: உலகம் இவர்களுக்காக அழுதது, அவர்களுக்காக அழவில்லை என்று. ஆனால் கவனம் சில ஆண்டுகளில் பணமாகவும் சட்டமாகவும் உறைந்துவிடுகிறது. அது கோணுகிற இடங்கள் குறிப்பானவை, சுட்டிக்காட்டக் கூடியவை. ‘மேற்கத்திய ஊடகங்களின் பாரபட்சம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அந்தப் பாரபட்சம் உண்மையாகவே இருந்தாலும், திருத்தக்கூடிய இடங்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

முதல் சில மணி நேரம்

ஒரு தாக்குதல் உலகச் செய்தியாவது பெரும்பாலும் மூன்று செய்தி முகமைகள் வழியாக: ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி. முதலில் ஒற்றை வரி போகும்: இன்ன ஊரில் வெடிப்பு, போலீஸ் தகவல். அந்த ஒற்றை வரிக்குப் பெயர் சொல்லக்கூடிய ஓர் அதிகாரி வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரையொருவர் சாராத இரண்டு சாட்சிகளாவது வேண்டும். அதன்பின் படம், வீடியோ, மருத்துவமனை எண்ணிக்கை, நேரில் பார்த்தவரின் பேச்சு. இந்த வரிசையில் எந்தக் கண்ணி அறுந்தாலும் செய்தி சுருங்கும்.

2015 நவம்பர் 13 இரவு பாரிஸில் எந்தக் கண்ணியும் அறவில்லை. முதல் வெடிப்பு நடந்த விளையாட்டரங்கில் பிரான்ஸ்–ஜெர்மனி கால்பந்துப் போட்டி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. வெடிச்சத்தம் ஒளிபரப்பிலேயே கேட்டது. ஏஎஃப்பியின் தலைமையகம் அதே நகரத்தில். அன்று 130 பேர் கொல்லப்பட்டார்கள், 90 பேர் பட்டாக்லான் இசை அரங்கில் மட்டும். அதற்கு முந்தைய நாள் பெய்ரூட்டின் புர்ஜ் அல் பரஜ்னே பகுதியில் இரட்டைத் தற்கொலைத் தாக்குதலில் 40க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பெய்ரூட்டிலும் செய்தியாளர்களுக்குப் பஞ்சமில்லை; மத்திய கிழக்குச் செய்திகளின் மையமே அந்த நகரம். ஆகவே அங்கே அறுந்த கண்ணி வேறு. பல தலைப்புகள் அந்த இடத்தை, லெபனானின் ஆயுத இயக்கத்தின் பெயரைச் சேர்த்து, ‘ஹிஸ்புல்லாவின் கோட்டை’ என்று அழைத்தன. கடைத்தெருவில் நின்றவர்கள் ஒரே சொல்லில் ஒரு போரின் தரப்பாக மாறிப்போனார்கள்.

அதே ஆண்டு ஜனவரியில் நடந்தது இதைவிடக் கொடியது. நைஜீரியாவில் சாட் ஏரிக்கரையில் இருக்கும் பாகா என்ற மீனவ ஊரையும் பக்கத்து டோரோன் பாகாவையும் ஜனவரி 3 முதல் போகோ ஹராம் தீவிரவாதக் குழு நாள்கணக்கில் சூறையாடியது. தொலைபேசித் தொடர்பு கிடையாது. செய்தியாளர் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை. தப்பியவர்கள் ஏரியைக் கடந்து சாட் நாட்டுக்குப் போய்ச் சொன்னதுதான் செய்தி. இறந்தவர்கள் 2,000 வரை இருக்கலாம் என்றன முதல் தகவல்கள். 150 பேர்தான் என்றது நைஜீரிய ராணுவம். எதைச் சரிபார்ப்பது? கடைசியில் செயற்கைக்கோள்தான் சாட்சி சொன்னது. ஜனவரி 2, 7 ஆகிய இரு நாள் படங்களை அம்னஸ்டி இன்டர்நேஷனல் ஒப்பிட்டது. 3,700க்கும் அதிகமான கட்டடங்கள் எரிந்தோ இடிந்தோ போயிருந்தன. அதே வாரம் பாரிஸில் சார்லி எப்தோ வார இதழ் அலுவலகத்திலும் தொடர்ந்த தாக்குதல்களிலும் 17 பேர் கொல்லப்பட்டார்கள். ஜனவரி 11 ஊர்வலத்தில் 40க்கும் மேற்பட்ட உலகத் தலைவர்கள், ஆப்பிரிக்க அதிபர்கள் சிலர் உட்பட, கைகோத்து நடந்தார்கள். நைஜீரிய அதிபர் குட்லக் ஜோனதன் பாரிஸ் கொலைகளைக் கண்டித்து அறிக்கை விட்டார்; அப்போது பாகாவைப் பற்றி அவர் வாய் திறந்திருக்கவில்லை. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கடைசி விவரத்தை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. தொலைவில் இருப்பவர்கள் பாராமுகமாக இருப்பதற்கு முன்பே, பல இடங்களில் சொந்த அரசு விளக்கை அணைத்துவிடுகிறது. பலி எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பு தோற்றது என்று அர்த்தம். ஆகவே எண்ணிக்கை அமுக்கப்படுகிறது. ராணுவ ஆட்சியின் கீழ் உள்ள புர்கினா ஃபாசோ 2022 டிசம்பரில் ஆர்எஃப்ஐ வானொலியையும் 2023 மார்ச்சில் பிரான்ஸ் 24 தொலைக்காட்சியையும் நிறுத்தியது. அடுத்த மாதமே லெ மோந்த், லிபரசியோன் ஆகிய பிரெஞ்சு நாளிதழ்களின் செய்தியாளர்களை வெளியேற்றியது. 2024 ஆகஸ்ட் 24 அன்று அந்நாட்டின் பார்சலோகோவில், ராணுவம் சொல்லி அகழி வெட்டிக்கொண்டிருந்த ஊர்மக்கள் மீது அல்காய்தா சார்புப் படையினர் சுட்டுத் தள்ளினார்கள். குறைந்தது 400 பேர் இறந்ததாக உறவினர்களின் குழு சொன்னது. இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பயங்கரவாதப் படுகொலைகளில் ஒன்று அது. அதன் காட்சிகள் வெளியே வந்ததுகூடக் கொன்றவர்களே எடுத்த வீடியோ வழியாகத்தான். பலியானோருக்குக் கேமரா இல்லாதபோது கொலைகாரனின் கேமராவே ஆவணமாகிவிடுகிறது.

இதற்கு நடுவில் சிக்கியிருப்பவர் உள்ளூர்ப் பகுதிநேரச் செய்தியாளர். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கூலி. பெரும்பாலும் காப்பீடு இல்லை. ஊரை விட்டு ஓடவும் வழியில்லை. தீவிரவாதிகள் அவரை ஒற்றன் என்பார்கள், ராணுவம் துரோகி என்னும். அவர் எழுதாமல் விட்டால் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எண்ணிக்கை எப்போது வருகிறது

பலி எண்ணிக்கை கவனத்தை முடிவு செய்கிறது என்று பொதுவாக நம்பப்படுகிறது. உண்மையில் முடிவு செய்வது முதல் நாள் எண்ணிக்கை. அதன்பின் வரும் எண்ணிக்கைக்கு வாசகர் இருப்பதில்லை.

2016 ஜூலை 3 நள்ளிரவு கடந்து, ரமலான் மாதக் கடைசியில் பெருநாளுக்குத் துணி எடுக்கக் கூட்டம் நெரிந்த பாக்தாதின் கர்ராதா கடைத்தெருவில் லாரிக் குண்டு வெடித்தது. முதல் தகவல்கள் சொன்னது சில பத்து உயிர்களை. ஆனால் அங்கே குண்டைவிட அதிகம் கொன்றது தீ. வணிக வளாகத்தில் வெளியேறும் வழிகள் போதவில்லை. பெரும்பாலோர் உள்ளேயே எரிந்துபோனார்கள். டிஎன்ஏ பரிசோதனை வாரக்கணக்கில் நடந்தது. எண்ணிக்கை 300ஐத் தாண்டியபோது உலகச் செய்தி வேறு ஊர்களுக்கு நகர்ந்துவிட்டிருந்தது. ஜூலை 14 அன்று நீஸ் கடற்கரைச் சாலையில் லாரி ஏற்றி 86 பேர் கொல்லப்பட்டார்கள். கர்ராதாவில் இன்னொரு கொடுமையும் உண்டு. பாக்தாத் சோதனைச் சாவடிகளில் வெடிபொருள் கண்டுபிடிக்க அப்போதும் பயன்பட்டுவந்த ஏடிஇ 651 என்ற கைக்கருவி வெறும் போலி. அதை விற்ற பிரிட்டிஷ்காரர் ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013லேயே லண்டனில் 10 ஆண்டு சிறை விதிக்கப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, இத்தனை பேர் எரிந்த பிறகுதான், கருவியைத் திரும்பப் பெற இராக் பிரதமர் உத்தரவிட்டார். பாக்தாதில் அதற்கு முன்பு வெடித்த ஒவ்வொரு குண்டையும் உலகம் நின்று கவனித்திருந்தால், அந்தக் கருவி அவ்வளவு நாள் சாவடியில் இருந்திருக்குமா என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை.

எண்ணிக்கை குறையவும் செய்யும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 359 பேர் என்று அறிவித்த அரசு, தாக்குதல் நடந்த நான்காம் நாள் அதை 253 ஆகத் திருத்தியது. சிதறிய உடல் பாகங்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணியதே பிழைக்குக் காரணம். காயமடைந்தோர் பின்னர் இறந்ததில் எண்ணிக்கை மீண்டும் ஏறியது. தற்கொலைக் குண்டு வெடித்த மூடிய கூடத்தில் முதல் 48 மணி நேரத்தில் கிடைக்கும் எந்த எண்ணையும் தற்காலிகமாகவே கொள்ள வேண்டும். செய்தி எழுதுபவர் ‘இதுவரை’, ‘இன்ன அலுவலகம் தந்த தகவல்படி’ என்ற இரு சொற்களை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

எண்ணிக்கைகளைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளங்களிலும் ஒரு வளையம் இருக்கிறது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் 1970 முதலான இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களைக் கொண்டது. அதன் மூலப்பொருள் ஊடகச் செய்தி. செய்தியாகாத படுகொலை பதிவாகாது. பதிவாகாதது ஆய்விலும் வராது. கவனம் சமமற்றது என்று நிறுவ நாம் கையில் எடுக்கும் அளவுகோலே கவனத்தால் தேய்ந்த அளவுகோல். அரசுப் படைகளின் குண்டுக்கு இறந்தவர்களோ இந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார்கள். வரையறை அரசல்லாத குழுக்களுக்கு மட்டுமானது. எது பயங்கரவாதம் என்பதில் ஐ.நா.வில் இன்றும் உடன்பாடு இல்லை. இந்தியா 1996இல் முன்வைத்த விரிவான உடன்படிக்கை வரைவு அந்த ஒரு கேள்வியில்தான் சிக்கிக் கிடக்கிறது.

தேய்ந்த அளவுகோலில்கூடப் படம் தெளிவாகவே இருக்கிறது. 2014இல் பயங்கரவாதத்துக்கு இறந்தவர்களில் 78 சதவீதம் பேர் ஐந்தே நாடுகளில் இறந்தார்கள்: இராக், நைஜீரியா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சிரியா. அண்மை ஆண்டுகளில் மையம் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதிக்கு நகர்ந்திருக்கிறது. 2023இல் புர்கினா ஃபாசோவில் மட்டும் கிட்டத்தட்ட 2,000 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு உலகம் முழுவதும் இறந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசி.

பழகிப்போன ஊர் என்ற எண்ணம்

நார்வே ஆய்வாளர்கள் ஜோஹன் கால்டுங்கும் மாரி ரூகேயும் 1965லேயே வெளிநாட்டுச் செய்திகள் எப்படித் தேர்வாகின்றன என்று வகுத்தார்கள். எதிர்பாராதது செய்தி, வலிமையான நாட்டில் நடப்பது செய்தி, பண்பாட்டால் நெருக்கமானது செய்தி, குழப்பமின்றிப் புரிவது செய்தி. அறுபது ஆண்டுகள் கழித்தும் இந்த அளவுகோல்கள் பெரிதாக மாறவில்லை. இவற்றில் மிகவும் கொடியது எதிர்பாராமை என்பது என் கருத்து. அடிக்கடி குண்டு வெடிக்கும் ஊரில் வெடிக்கும் அடுத்த குண்டு ‘எதிர்பார்த்தது’ ஆகிவிடுகிறது. யார் எதிர்பார்த்தது? காபூலில் 2017 மே 31 அன்று கழிவுநீர் லாரிக் குண்டில் 150 பேர் இறந்தபோது அந்த வீடுகளில் எவரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. ஒன்பது நாள் முன்பு மான்செஸ்டர் இசை அரங்கில் இறந்த 22 பேரின் வீடுகளைப் போலத்தான் அவையும் அன்று காலை விழித்தன.

கவனத்தை முடிவு செய்வதில் கொன்றவரின் மதமும் புகுந்துவிடுகிறது. எரின் கெர்ன்ஸும் சக ஆய்வாளர்களும் 2006 முதல் 2015 வரை அமெரிக்காவில் நடந்த 136 தாக்குதல்களின் செய்திகளை எண்ணிப் பார்த்தார்கள். மற்ற காரணிகள் சமமாக இருக்கும்போது, முஸ்லிம் ஒருவர் செய்த தாக்குதலுக்கு 357 சதவீதம் அதிகமான செய்திகள் வந்திருந்தன. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: உலகில் பயங்கரவாதத்துக்குப் பலியாகிறவர்களில் மிகப் பெரும் பகுதி முஸ்லிம்கள். கொன்றவராக வரும்போது உரக்கவும், கொல்லப்பட்டவராக வரும்போது மெல்லவும் ஒரு சமூகத்தின் பெயர் ஒலிக்கிறது.

ஒரே நாட்டுக்குள், ஒரே இரவிலும் இது நடக்கும். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் என்றதும் எவர் மனதிலும் எழுவது புகை கக்கும் தாஜ் ஹோட்டல் மாடம். இறந்த 166 பேரில் அதிகமானோர் ஒரே இடத்தில் இறந்தது சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில்; அங்கே பலி 50க்கு மேல். ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு காத்திருந்த பயணிகள். ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு சீக்கிரம் முடிந்துவிட்டது. தாஜில் முற்றுகை 29ஆம் தேதி காலை வரை நீண்டது. நீளும் நிகழ்வுக்கு எதிரே கேமராவை நிறுத்தி வைக்கலாம், முடிந்துபோனதற்கு முடியாது. இது தொழில்நுட்பக் காரணம். உள்ளே சிக்கியிருப்பவர் யார், வெளியே பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்பது இன்னொரு காரணம்.

பெயரும் விளக்கும்

மாலியைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் பசியைப் பற்றிப் படித்தவர்கள், ஓர் ஆய்வில், கையில் இருந்த 5 டாலரில் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். பல லட்சம் பேர் பசியில் என்ற புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 1.43 டாலர். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தைச் சேர்த்ததுமே இரக்கம் இறங்கிவிட்டது. செய்தி எழுதுபவர்கள் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய ஆய்வு இது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் டைம்ஸ் மாதக்கணக்கில் நாள்தோறும், இறந்தவர்களைப் பற்றி ஆளுக்கொரு சிறு வாழ்க்கைக் குறிப்பை வெளியிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேல் எழுதினார்கள். 2015 ஏப்ரல் 2 அன்று கென்யாவின் கரிஸ்ஸா பல்கலைக்கழகத்தில் சோமாலியத் தீவிரவாதக் குழு அல்ஷபாப் 148 பேரைக் கொன்றபோது, அப்படி ஒரு நாளிதழ் முன்வராத நிலையில் கென்யர்களே அந்த வேலையைச் செய்தார்கள். ‘147 வெறும் எண் அல்ல’ என்ற ஹேஷ்டேக்கில் மாணவர்களின் படம், பெயர், என்ன படித்தார்கள், யாருடைய பிள்ளை என்று ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். எண்ணிக்கை பிறகு மாறியது; பெயர்கள் மாறவில்லை.

பெயர் சேகரிப்பதில் கவனிக்க வேண்டியவை உண்டு. சாஹேல் கிராமங்களில் பெயர் கொடுத்தால் மிஞ்சியிருக்கும் குடும்பம் குறிவைக்கப்படலாம். அங்கே கட்டாயப்படுத்தக் கூடாது. குடும்பத்தின் சம்மதமில்லாமல் சமூக ஊடகத்திலிருந்து படத்தை உருவினால், உயிரோடு இருப்பவரின் படம் பலியானோர் பட்டியலில் வந்துவிடும் ஆபத்து உண்டு.

கொன்றவனின் பெயருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தைத் திருப்ப முடியும் என்று நியூசிலாந்து காட்டியது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையில் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் அழித்த பிரதிகள் மட்டும் 15 லட்சம். பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் அவன் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்றார். அதோடு நிற்கவில்லை. அன்று மசூதிகளில் இருந்த வெளிநாட்டவர்களுக்கும் நெருங்கிய குடும்பத்தினருக்கும் நிரந்தரமாக வசிக்கும் விசா வழங்கத் தனிப் பிரிவே உருவாக்கப்பட்டது. விசா காலாவதியாகும் பயத்தோடு விதவைகள் துக்கம் காக்க வேண்டியிருக்கவில்லை.

கட்டடங்களுக்குக் கொடி நிறத்தில் விளக்குப் போடுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அதற்கும் விதி உண்டு. பெர்லினின் பிராண்டன்பர்க் வாயில் பாரிஸுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் ஒளிர்ந்தது. 2017 ஏப்ரல் 3 அன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுரங்க ரயிலில் குண்டு வெடித்தபோது ஒளிரவில்லை. அது பெர்லினோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்ட கூட்டாளி நகரம் இல்லை என்று மாநகர நிர்வாகம் விளக்கியது. கூட்டாளி நகரங்கள் அல்லாத ஆர்லாண்டோவுக்கும் ஜெருசலேமுக்கும் ஏற்கெனவே விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. விலக்கு அளிக்கும் இடத்தில்தான் மனச்சாய்வு தன்னைக் காட்டிக்கொள்கிறது.

ஃபேஸ்புக்கின் ‘பத்திரமாக இருக்கிறேன்’ வசதியும் அப்படித்தான். 2014இல் இயற்கைப் பேரிடர்களுக்காக வந்தது. பாரிஸ் தாக்குதலுக்கு முதன்முறையாக வேறு வகை நிகழ்வுக்குத் திறக்கப்பட்டது. முந்தைய நாள் பெய்ரூட்டுக்குத் திறக்கப்படாததைக் கேட்டு எழுந்த கோபத்துக்குப் பிறகு, நைஜீரியாவின் யோலா நகர் குண்டுவெடிப்புக்குத் திறந்தார்கள். 2016இல் முடிவை இயந்திரத்திடம் விட்டார்கள்: வெளி நிறுவனம் ஒன்று சம்பவத்தை அறிவிக்க வேண்டும், அந்தப் பகுதியில் போதுமான பேர் அதைப் பற்றி எழுத வேண்டும். இணையம் குறைந்த ஊர் இந்த இரண்டாவது வாசலில் நின்றுவிடும். இணையம் நிறைந்த ஊரில் தவறாகவும் திறக்கும். 2016 டிசம்பரில் பாங்காக்கில் பழைய செய்தி ஒன்று மீண்டும் பரவியதில் அப்படித்தான் ஆனது.

பணத்தில் தெரியும் வரிசை

செப்டம்பர் 11 இழப்பீட்டு நிதியை நிர்வகித்த கென்னத் ஃபைன்பெர்க் முன்னால் இருந்த சட்டம், இறந்தவர் இழந்த எதிர்கால வருமானத்தைக் கணக்கிடச் சொன்னது. அதோடு வலிக்கும் துயரத்துக்கும் ஒரே சீராக 2.5 லட்சம் டாலர்; துணைக்கும் சார்ந்திருப்போர் ஒவ்வொருவருக்கும் 1 லட்சம். ஆயுள் காப்பீடு கிடைத்திருந்தால் கழித்துக்கொள்ளப்படும். முடிவில் ஒரு மரணத்துக்கு 2.5 லட்சம் டாலர் முதல் 71 லட்சம் டாலர் வரை வித்தியாசம் வந்தது. ஆவணமின்றி வேலை செய்த சமையல்காரரின் குடும்பமும் விண்ணப்பிக்க முடிந்தது. அது அந்த நிதியின் பெருமை. துயரத்துக்குச் சம தொகை, வருமானத்துக்குச் சமமற்ற தொகை என்ற அதன் கட்டமைப்பு இன்றும் விவாதத்துக்குரியது.

பிரான்சின் முறை இதைவிடச் சிறந்தது என்று சொல்வேன். 1986இல் தொடங்கிய உத்தரவாத நிதி, ஒவ்வொரு சொத்துக் காப்பீட்டு ஒப்பந்தத்திலும் சில யூரோக்களைப் பிடித்துச் சேர்க்கப்படுகிறது. பிரெஞ்சு மண்ணில் தாக்கப்பட்டவர் எந்த நாட்டவராக இருந்தாலும் தகுதி உண்டு. வெளிநாட்டில் தாக்கப்பட்ட பிரெஞ்சுக்காரருக்கும் உண்டு. விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் முன்பணம் வர வேண்டும். குற்றவாளி பிடிபட வேண்டும், வழக்கு முடிய வேண்டும் என்று காத்திருப்பதில்லை.

இந்தியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் உதவித் திட்டம் இருக்கிறது. முதலில் 3 லட்சம் ரூபாய், 2016 ஆகஸ்ட் 24 முதல் 5 லட்சம். இறந்தவர் குடும்பத்துக்கும், 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்களுக்கும் மட்டும். 40 சதவீத ஊனத்தோடு கூலி வேலைக்குப் போக முடியாமல் இருப்பவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

1998 ஆகஸ்ட் 7 நைரோபி, தார் எஸ் சலாம் அமெரிக்கத் தூதரகக் குண்டுவெடிப்புகளில் 224 பேர் இறந்தார்கள். அமெரிக்கர்கள் 12 பேர். நைரோபியில் முதலில் ஒரு சிறு வெடிச்சத்தம் கேட்டு ஜன்னலருகே ஓடிவந்தவர்கள் மீது, அடுத்து வெடித்த பெரிய குண்டில் கண்ணாடி சிதறியது. பார்வை இழந்தவர்கள் ஏராளம். தாக்கிய அல்காய்தாவுக்கு அடைக்கலம் தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சூடான் 2020இல் 33.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டபோது, இறந்த அமெரிக்க ஊழியரின் குடும்பத்துக்கு 1 கோடி டாலர், ஆப்பிரிக்க ஊழியரின் குடும்பத்துக்கு 8 லட்சம் டாலர் என்று பிரிக்கப்பட்டது. தூதரகத்தில் வேலை செய்யாமல் பக்கத்துத் தெருவில் நடந்துபோன கென்யர்கள் அந்த ஒப்பந்தத்தில் இல்லை.

2004இல் பாதுகாப்புச் சபையின் 1566ஆம் தீர்மானம், பலியானோருக்கான சர்வதேச இழப்பீட்டு நிதி ஒன்றை ஆராயும்படி ஒரு குழுவிடம் சொன்னது. அந்த நிதி உருவாகவே இல்லை. அதற்குப் பதிலாக 2018 முதல் ஆகஸ்ட் 21 நினைவு நாளாக இருக்கிறது.

சொந்த நாட்டின் குடிமக்களாக இருந்தும் அந்நியராகப் பார்க்கப்பட்டவர்கள் உண்டு. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே வெடித்த ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் இறந்த 329 பேரில் 268 பேர் கனடியக் குடிமக்கள். பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். கனடியப் பிரதமர் பிரையன் மல்ரோனி ராஜீவ் காந்தியைத் தொலைபேசியில் அழைத்து அனுதாபம் சொன்னார். ரொறன்ரோவில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடும்பங்கள் விடவில்லை. 2006இல் விசாரணை ஆணையம் அமைந்தது. 2010 ஜூனில் அதன் அறிக்கை உளவுத்துறை, காவல்துறைத் தவறுகளை வரிசையாகச் சொன்னது. அந்த ஜூன் 23 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார். 25 ஆண்டுகள்.

சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் 2017 அக்டோபர் 14 அன்று சோபே சந்திப்பில் லாரிக் குண்டு வெடித்தது. ஐஃபல் கோபுரம் அதற்காகத் தன் விளக்கை அணைத்தது; அந்த அளவுக்கு உலகம் பார்த்தது. அந்த வாரம் அச்சான எண் 276. பிறகு 358. 100க்கும் மேற்பட்ட உடல்கள் அடையாளம் காண முடியாமலே அடக்கம் செய்யப்பட்டன. உள்ளூரில் ஒரு குழு விசாரித்து, 2018 மார்ச்சில் எண்ணி முடித்தது. 587 பேர். அன்றைய பழைய செய்திப் பக்கங்களைத் திறந்தால் இன்னும் 276 என்றுதான் இருக்கிறது.